சாய்வாகத் தீட்டிய பிளேடு

கொட்டகலை
10.06.2024

அக்காவுக்கு,

இது சமாதானக் கடிதமில்லை. கிறிஸ்மஸ் அன்று சாப்பாட்டு மேசையில் டோரீனின் அண்ணன்மார், என் மச்சான்மார் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "லோரன்ஸ் காதால வேலை செய்றவன், அளந்து பாக்குற பழக்கமே இல்ல." எண்ணெய் படாத கையை வைத்துக்கொண்டு பாடம் சொல்வது லேசு என்று நான் சொன்னதையும் மறக்கவில்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு வேலை விஷயம். மட்டக்களப்பில் உங்கள் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பதுதான். நம் பட்டறை லேத்தில் இருபது மில்லிமீட்டர் கம்பியைத் துண்டு போடும்போது பாதி ஆழம் போனதும் அலறுகிறது. பன்றி அறுக்கிற சத்தம். பிறகு பிளேடு டக்கென்று உடைகிறது. இந்த வாரம் மூன்று பிளேடு போய்விட்டது. வேகத்தைக் குறைத்தேன், எண்ணெய் ஊற்றினேன், ஒன்றும் மாறவில்லை. அதே கம்பியைச் சுற்றிப் பள்ளமாகக் காடி வெட்டினால் காடியின் உள்ளே அலை அலையாக இருக்கிறது.

என்ன காரணம் என்று எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

லோரன்ஸ்

•

மட்டக்களப்பு
15.06.2024

லோரன்ஸ்,

"எண்ணெய் ஊற்றினேன், ஒன்றும் மாறவில்லை" என்பதிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கீழே உள்ளவற்றுக்கு எண்ணில் பதில் எழுது. ஏறக்குறைய என்ற சொல் வேண்டாம்.

பிளேடு அதைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? வெட்டும் இடம் கம்பியைக் கவ்வும் சக்கின் வாயிலிருந்து எவ்வளவு தூரம்? டூல் நுனி கம்பியின் நடு உயரத்தில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு உன் கண்ணை நம்பாதே. ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் மெதுவாகப் பிடித்துப் பார். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உன் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, சீவல். துண்டு போடும்போது வரும் சீவலில் நான்கைந்தும் காடி வெட்டும்போது வருவதில் நான்கைந்தும் எடுத்து, கசங்காமல் ஒரு அட்டையில் டேப் போட்டு ஒட்டி, எது எது என்று எழுதி அனுப்பு. அவை டூலின் அச்சை அப்படியே காட்டும். நீ சொல்வதைவிட அவை சொல்வதை நான் நம்புவேன். போனில் படம் எடுத்து அனுப்பாதே. சுருளின் விளிம்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு சந்தேகம். பதினைந்து வருடமாகக் காடி வெட்டுகிறாய். அதன் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது யார் பார்த்துச் சொன்னார்கள்?

மெரினா

•

கொட்டகலை
21.06.2024

அக்கா,

யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன். எனக்கும் கண் இருக்கிறது.

நீட்டிக்கொண்டிருந்தது நாற்பத்தொரு மில்லிமீட்டர். இப்போது இருபத்திரண்டுக்கு உள்ளே தள்ளிவிட்டேன். சக்கிலிருந்து முப்பத்தைந்து இருந்தது. அதையும் பன்னிரண்டாக்கினேன். ஸ்கேல் என் பக்கம் நன்றாகவே சாய்ந்தது. மீன் டின்னை வெட்டி டூலுக்கு அடியில் இரண்டு தகடு கொடுத்த பிறகு நேரே நிற்கிறது. டூலை நகர்த்தும் குறுக்கு ஸ்லைடும் ஆடிக்கொண்டிருந்தது, இறுக்கினேன். அலறல் முக்கால்வாசி நின்றுவிட்டது. இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நின்றுவிட்டது.

பிளேடு மட்டும் இன்னும் உடைகிறது. நேற்றும் ஒன்று. வெட்டின முகம் தட்டையாக இல்லாமல் சாசர் மாதிரிக் குழிந்திருக்கிறது. சீவல்களை அட்டையில் ஒட்டியிருக்கிறேன். 1 துண்டு போட்டது, 2 காடி.

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. பட்டறையில் லைட் போட்டுத்தான் வேலை. டோரீனும் பின்னேரங்களில் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். சோறு நானே போட்டுச் சாப்பிடுகிறேன்.

சீக்கிரம் பதில் வேண்டும். மேமலைத் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு இரும்புப் பின்கள் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

லோரன்ஸ்

•

மட்டக்களப்பு
28.06.2024

லோரன்ஸ்,

உன் அட்டையை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன்.

முகம் நேராகத் தீட்டிய பிளேடிலிருந்து வரும் சீவல் கடிகார ஸ்பிரிங் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக, தட்டையாகச் சுருளும். உன்னுடையது அப்படி இல்லை. கூம்பு மாதிரிப் பக்கவாட்டில் ஏறிப்போகிறது. அதாவது பிளேடின் முகம் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கிறது, வலது மூலை முந்திக்கொண்டு நிற்கிறது. சாய்வான முகம் ஆழத்துக்குப் போகப் போகப் பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும். பிளேடு வளையும். முகம் குழியும். வளைந்த பிளேடு அந்தச் சந்துக்குள் இறுகி உடையும். நீ கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். நேராகத் தீட்டு.

நான் இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அட்டையில் இரண்டாவது வரிசையும் இருக்கிறது. காடிச் சீவலும் அதே கூம்பு. ஆக, துண்டு போடுவதும் காடி வெட்டுவதும் ஒரே பிளேடில். அந்தப் பிளேடு வெட்டும் காடியின் அடி தட்டையாக இருக்க முடியாது. ஒரு பக்கம் சரிந்து, வலது மூலையில் கத்தியால் கீறினது போல ஆழமாக முடிந்திருக்கும். கையில் பிடிக்கிற சாமானென்றால் பரவாயில்லை. சுமை தாங்குகிற, ஆட்டம் காண்கிற பின்னென்றால் அந்த மூலையில்தான் வெடிப்பு தொடங்கும்.

அந்தப் பின்கள் எந்த இயந்திரத்துக்கு? ஏற்கெனவே எத்தனை கொடுத்திருக்கிறாய்?

ஆஸ்பத்திரியில் இருப்பது யார்?

மூன்று கேள்விக்கும் பதில் எழுது. "யாருமில்லை" என்று எழுதாதே.

மெரினா

•

கொட்டகலை
05.07.2024

அக்கா,

சாய்வாகத் தீட்டச் சொன்னது யார் என்று நீங்கள் எழுதவில்லை. மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

போன நவம்பரில் இங்கே வந்திருந்தீர்கள். பின்னைத் துண்டு போட்டால் நடுவில் முளை நிற்கிறது, ஒவ்வொன்றாக அரம் போட வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். நீங்கள் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பிளேடை வரைந்தீர்கள். "முகத்தைச் சாய்வாகத் தீட்டு. முளை கம்பியிலேயே நின்றுவிடும். பின் சுத்தமாக விழும்." உங்கள் கையெழுத்து. லேத்துக்கு மேலே சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. முளை கம்பியிலேயே நின்றது உண்மைதான், அக்கா. பின் சுத்தமாகத்தான் விழுந்தது. காடிக்கு வேறு பிளேடு என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

இப்போது உங்கள் கேள்விகள்.

மார்ச் மாதம் பன்னிரண்டு பின் செய்தேன். மேமலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் நான்கு. ஒவ்வொன்றின் அடியிலும் அரைத்த கொழுந்தைக் கீழே தள்ளும் இரும்புக் கதவு இருக்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு பின். பின்னின் காடியில் ஒரு தகடு உட்கார்ந்து அது வெளியே வராமல் பிடிக்கும். எட்டு பின் போட்டது, நான்கு மிச்சம்.

ஜூன் மூன்றாம் தேதி மூன்றாம் நம்பர் ரோலரின் கதவு விழுந்தது. அடியில் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டிருந்த காளியாயியின் வலது கை மணிக்கட்டோடு நசுங்கிவிட்டது. இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். டோரீனோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளைப் பார்க்கத்தான் டோரீன் போகிறாள்.

ஸ்டோரில் ஒரு பழக்கம் உண்டு. கொழுந்துச் சாறு காய்ந்து கதவின் பூட்டு இறுகிவிட்டால், மரச் சுத்தியலால் பின்னைத் தட்டி உருவிவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அதைப் பிடித்துக்கொண்டார். "ரோலர் ஓடுறப்பவே பின்ன உருவிட்டா. அவ கை, அவ தப்பு" என்கிறார். கம்பெனிக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பதினெட்டாம் தேதி விசாரணை. அவள் உருவினாள் என்று முடிவானால் வேலையும் போகும், நட்டஈடும் கிடைக்காது.

அன்றைக்குக் கதவை மாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். பின்னில் பாதி கதவின் குழாய்க்குள் சிக்கியிருந்தது. மீதிப் பாதி கூட்டித் தள்ளிய கொழுந்துக் குவியலில் கிடந்தது. காடியில் உடைந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன். மிச்சமிருந்த நான்கில் ஒன்றை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். கை எடுத்தது.

கம்பி நான் வாங்கினதில்லை, தோட்டத்திலிருந்து கொடுத்தது. கம்பி மட்டமானது என்று கல்லூரிக் கடிதத்தாளில் நீங்கள் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும். காளியாயியும் தப்புவாள், நானும் தப்புவேன். படித்த ஆளின் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும். அதற்குத்தானே படித்தீர்கள்.

லோரன்ஸ்

•

மட்டக்களப்பு
08.07.2024

அந்த மார்ச் மாதப் பின்கள் எட்டும் இப்போது ஓடும் ரோலர்களில் இருக்கின்றன. இதைப் படித்தவுடன் போய்க் கழற்று. மற்றதைப் பிறகு படி.

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்ததிலிருந்து பதினொரு முறை போன் எடுத்தேன். நீ எடுக்கவில்லை. டோரீனும் எடுக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் சுமன் ஹட்டனுக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். பட்டறைக்கே வந்து உன் கையில் இதைக் கொடுப்பதாகச் சொன்னார். பதிலையும் அவரிடமே கொடு. அவர் நாளை மறுநாள் திரும்புகிறார்.

கழற்றிய பின்களின் காடியை மண்ணெண்ணெயில் நனைத்து, பத்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கரும்பலகைச் சோக்குத் தூளைத் தடவு. வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து சோக்கில் கறுப்புக் கோடு போடும்.

கம்பியைப் பற்றி. உடைந்த முகத்தை டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். கம்பி மட்டமாக இருந்து ஒரேயடியாக உடைந்திருந்தால் முகம் முழுவதும் கரடுமுரடாக இருக்கும். ஒரு மூலையிலிருந்து வழவழப்பாக, வளைவு வளைவாகக் கோடுகள் பரவி, கடைசியில் கொஞ்சம் மட்டும் கரடாக இருந்தால், அந்தப் பின் பல வாரங்களாக மெல்ல மெல்லக் கிழிந்துகொண்டிருந்தது. கோடுகள் எந்த மூலையிலிருந்து தொடங்குகின்றன என்று நீயே பார்த்து எழுது. பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். கம்பி மட்டம் என்று எழுதித் தரவும் மாட்டேன்.

நவம்பரில் நான் வரைந்தது எனக்கு நினைவிருக்கிறது. உன் சீவலை மேசையில் வைத்த அன்றே நினைவு வந்தது. அதனால்தான் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. நான் சொன்னது தவறில்லை. பாதியோடு நிறுத்திவிட்டேன். மீதி உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு பையன் அப்படி நினைத்தேன் என்று சொன்னால் நான் விடுவதில்லை.

இது பிறகு. முதலில் பின்களைக் கழற்று.

மெரினா

•

கொட்டகலை
10.07.2024

அக்கா,

கழற்றிவிட்டேன்.

சுமன் வந்தபோது நான் சக்கில் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். முதல் வரியைப் படித்ததும் அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஸ்டோரில் நான்கு ரோலரும் ஓடிக்கொண்டிருந்தன. டீமேக்கர் வாசலிலேயே மறித்தார்.

"என்னா லோரன்ஸ், கூப்பிடாமலே வந்துட்ட?"

"பின் அளவுல ஒரு பிழை இருக்குங்க ஐயா. மாத்தணும்."

"இப்பவா? வாடின கொழுந்து மலையா கெடக்கு. நாளைக்கி வா."

"இப்பவே நிப்பாட்டணுங்க."

"நிப்பாட்டுனா தோட்டத்துத் தொரைக்கு நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன்."

அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ரோலர் ஓய்ந்ததும் அந்த அறை முழுக்க ஒரே அமைதி. வண்டி இழுக்கிற பெண்கள் ஐந்து பேர் சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், "காளியாயி கை போனப்ப நிக்காத மெஷினு, இன்னைக்கி லோரன்ஸுக்கு நிக்குது" என்றாள். காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

எட்டையும் சோக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒன்றும் இல்லை. மூன்றில் கறுப்புக் கோடு வந்தது. ஒன்றில் காடியைச் சுற்றி அரைவாசிக்கு. அது முதலாம் நம்பர் ரோலர். அதற்கு அடியில் இப்போது வண்டி இழுப்பது காளியாயியின் தங்கச்சி பூரணி.

அளக்கும் வேர்னியரைக் கீழே வைத்தேன். வெளியே போய்க் கொஞ்ச நேரம் மழையில் நின்றுவிட்டு வந்தேன்.

பிளேடை நேராகத் தீட்டினேன். அதன் இரண்டு மூலையையும் எண்ணெய்க்கல்லில் லேசாக மழுக்கிவிட்டேன். புது எட்டுப் பின்னும் நேற்றுப் போட்டாகிவிட்டது. ஒரு பிளேடும் உடையவில்லை.

உடைந்த பின்னையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதின மாதிரியேதான். வலது மூலை. கோடுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அதை டூல் டிராயரில் பழந்துணிக்கு அடியில் வைத்திருந்தேன். டோர்ச்சை வைக்க வந்த டோரீன் பார்த்துவிட்டாள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். திரும்ப அங்கேயே வைத்தாள். சோறு போடும்போதுதான் சொன்னாள். "இன்னைக்கி காளியாயி என்னா சொன்னா தெரியுமாங்க? 'நான் அந்தப் பின்ன தொடவே இல்ல டோரீனு. தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவேன். வெரலே போயிருச்சு, பொய் சொல்லி என்னா கெடைக்கப் போவுது'ன்னா. நான் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துட்டு வாறேன். நம்ம வீட்டு டிராயர்ல இது கெடக்கு."

ஓடுகிற பின் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இனி யாருக்கும் ஆபத்தில்லை. அவளுடைய விசயத்தை யூனியன்காரர்கள் பேசுவார்கள், தலைவர் வீரய்யா கெட்டிக்காரர். நான் இதை வெளியில் எடுத்தால் இந்தப் பக்கத்தில் ஒரு ஸ்டோரும் எனக்கு வேலை தராது. உங்களுக்கு அங்கே மாதம் பிறந்தால் சம்பளம். எனக்கு இந்த லேத் மட்டும்தான்.

லோரன்ஸ்

•

மட்டக்களப்பு
13.07.2024

லோரன்ஸ்,

எட்டில் மூன்று என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ ரோலர்களை நிறுத்தினாய். அதைச் செய்வாய் என்று நான் முழுதாக நம்பவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். கிறிஸ்மஸ் அன்று சொன்னதற்கும் கேட்கிறேன். அளக்க உனக்குத் தெரியும். அதை ஆட்கள் முன்னால் வேறு மாதிரிச் சொன்னது என் கெட்ட குணம்.

ஆனால் "இனி யாருக்கும் ஆபத்தில்லை" என்ற வரியை நான் ஏற்கவில்லை. காளியாயிக்கு இருக்கிறது. வீரய்யா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பின் உடைந்தது என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. உடைந்த பின் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. உன் டிராயரில்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். விசாரணை அதிகாரிக்கு எழுதியது. உள்ளே, நவம்பரில் நான் உனக்கு என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன், அந்தக் காடி ஏன் உடையும் என்று என் பெயரும் பதவியும் போட்டு எழுதியிருக்கிறேன். கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னையும் உறையையும் பதினெட்டாம் தேதி மேசையில் வை.

உன்னை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அந்தக் கடிதத்துக்கு என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி காலை அதை நானே பதிவுத் தபாலில் போடுவேன். நீ வைத்தாலும் போடுவேன், வைக்காவிட்டாலும் போடுவேன். பின் இல்லாமல் அது வெறும் தாள் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு லேத் மட்டும்தான் என்பது உண்மை. சம்பளம் வாங்குகிறவள் இதைச் சொல்வது லேசு என்பதும் உண்மை.

மெரினா

•

கொட்டகலை
20.07.2024

அக்கா,

உங்கள் உறையை ஒட்டினபடியே திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை.

விசாரணை தோட்டத்து ஒபீசில். அதிகாரி ஹட்டனிலிருந்து வந்த சிங்களப் பெண், நம்மைவிட நன்றாகத் தமிழ் எழுதினாள். டீமேக்கர் முதலில் பேசினார். பின்னை உருவும் பழக்கத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். மரச் சுத்தியலையும் கொண்டுவந்திருந்தார். "நீங்கதான ஐயா அதைச் செஞ்சு குடுத்தீங்க?" என்று வீரய்யா கேட்டதும் அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். காளியாயி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. "உருவல" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டே, "உருவவில்லை என்றால் பின் எங்கே?" என்று கேட்டாள்.

நான் வெளி விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, இதோடு எழுந்து போய்விடுவார்கள், போய்விடட்டும் என்றுதான் நினைத்தேன். ஒளித்து எழுத என்ன இருக்கிறது.

டோரீன் எனக்குப் பக்கத்தில் நின்றாள். குடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உங்கள் உறையும் பின்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தன.

உள்ளே போய்ப் பின்னை மட்டும் மேசையில் வைத்தேன். "செஞ்சது நான். காடி பிழை. உடைஞ்சதை எடுத்து ஒளிச்சதும் நான்." டீமேக்கர், "டேய், ஒனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்துவிட்டார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னாள். யார் அப்படி வெட்டச் சொன்னார்கள் என்று கேட்டாள். நானாகத்தான் என்றேன். உறையைக் கொடுக்க மனம் வரவில்லை. வெட்டின கை என்னுடையது. ஒளித்த கையும் என்னுடையது. அந்தக் காலண்டர் தாளில் நீங்கள் பிழையாக ஒன்றும் எழுதவில்லை.

காளியாயி பின்னைக் கேட்டாள். அதிகாரி கொடுத்தாள். இடது கையில் வாங்கி, பெருவிரலைக் காடிக்குள் விட்டுத் தடவிப் பார்த்தாள். அந்த மூலை தட்டுப்பட்டதும் விரலை எடுத்துவிட்டாள்.

"எத்தன நாளா வச்சிருந்தீங்க அண்ணே?"

"நாப்பத்தஞ்சு நாளு."

"நாப்பத்தஞ்சு நாளு" என்று அவளும் சொன்னாள். பின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை.

அவள் மேல் பிழையில்லை என்று எழுதிவிட்டார்கள். நட்டஈட்டுக்கும் வேலைக்கும் உத்தரவாதம் என்று வீரய்யா கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் மேல் தனி விசாரணை வரும். மேமலையிலிருந்து இனி வேலை இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். மற்ற ஸ்டோர்களிலும் சொல்லியிருப்பார்கள். லேத்துக்குத் துணி போட்டு மூடிவிட்டேன்.

சுவரிலிருக்கிற உங்கள் தாளைக் கிழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். யாராவது கேட்டு வந்தால் அது இங்கே இருக்க வேண்டாம்.

லோரன்ஸ்

•

மட்டக்களப்பு
24.07.2024

லோரன்ஸ்,

கிழிக்காதே.

பிரதியைப் பத்தொன்பதாம் தேதியே தபாலில் போட்டுவிட்டேன். முன்பே சொல்லியிருந்தேன். இதற்குள் அந்த அதிகாரி படித்திருப்பாள். நீ என் பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இந்த ஒரு பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. உன் மேல் விசாரணை வரும்போது என்னையும் கூப்பிடுவார்கள். வருவேன்.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறேன். ஹட்டனில் இறங்கி முதலில் காளியாயியைப் பார்க்க வேண்டும். டோரீனை அங்கே வரச்சொல். காளியாயியிடம், நவம்பரில் வரைந்தது நான் என்று மட்டும் சொல்லப்போகிறேன். அவள் என்னையும் பார்க்காமல் திரும்பிக்கொள்ளலாம்.

பிறகு பட்டறைக்கு வருகிறேன். லேத்தின் துணியை எடுத்து வை. மற்ற ஸ்டோர்களுக்கு நவம்பருக்குப் பிறகு அந்தப் பிளேடில் வெட்டிக் கொடுத்தது ஒவ்வொன்றையும் எழுதி வை, சின்னதோ பெரியதோ. நாமே போய்ச் சொல்லி, கழற்றி, சோக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கதவைத் திறக்காமல் விடுவார்கள், ஏசுவார்கள். அடுத்த ஸ்டோருக்குப் போவோம்.

அந்தத் தாள் சுவரிலேயே இருக்கட்டும். என் எழுத்துக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார். விடுபட்ட வரியை என் கையால் எழுத வேண்டும்.

அக்கா